தேய்ந்த பக்கம்

சேலத்திலிருந்து ஏர்க்காட்டிற்குச் செல்லும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏறுகின்றவர் காப்பித் தோட்டத்தையும் பள்ளத்தாக்கையும் பார்த்து மகிழ்ந்தவாறே செல்லலாம். இறங்குகின்றவருக்கு அந்த ஓய்வு இல்லை. அவருடைய கண் சாலையிலும், கால் பிரேக்கின் மீதும் இருந்தாக வேண்டும். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரிலிருந்து, 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ள நகருக்கு வண்டி வந்து சேர்கிறது. ஆட்களோடு 900 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வாற்றலில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக்குகளில் வெப்பமாக மாறியே தீரவேண்டும்.

அப்பாதையில் வெள்ளிக்கிழமைதோறும் ஏறி இறங்கியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவருடைய மகள் ஏர்க்காட்டில் ஆசிரியப்பணி புரிந்துவந்தார். மகளையும், ஆறு வயதுப் பேத்தியையும் வார இறுதிக்குச் சேலத்து வீட்டிற்கு அழைத்து வருவது அவருடைய வழக்கம். வண்டியோ 1999-ஆம் ஆண்டு வாங்கிய சிறு கார். அதனை விற்றுவிடுமாறு பலரும் கூறியதுண்டு. அவர் இணங்கவில்லை. தம் கையாலேயே கழுவி, தம் கையாலேயே எண்ணெய் பார்த்து, இருபது ஆண்டுகள் காத்த வண்டி அது. தம்மைப்போல அவ்வண்டியை அறிந்தவர் எவரும் இலர் என்பது அவருடைய எண்ணம்.

2019-ஆம் ஆண்டு தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர்கள் மலையிறங்கிக்கொண்டிருந்தனர். பாதி வழி கடந்ததும் ஏதோ தீயும் நாற்றம் வீசியது. முன்னே சென்ற பேருந்திலிருந்து வருவதாக ஆசிரியர் கருதினார். அடுத்த வளைவில் பிரேக்கு மிதியை அழுத்தியபோது, வழக்கமாகக் காலுக்குக் கிடைக்கும் எதிர்ப்பு கிடைக்கவில்லை. பஞ்சின்மேல் கால் வைத்தாற்போல மிதி ஆழ்ந்து சென்றது. அவர் மிதியை விட்டு விட்டு மும்முறை அழுத்தினார். சிறிது பிடிப்பு உண்டாயிற்று. கியரை முதலாவதற்கு இறக்கி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச் சுவரின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். ஒருவருக்கும் தீங்கில்லை. எனினும் இறங்கி நின்றபோது அவருடைய முழங்கால்கள் நடுங்கின.

முன்புறத்து இடச்சக்கரத்திலிருந்து அனல் வீசியது. பேத்தி சற்றுத் தொலைவிலிருந்தே அதனை உணர்ந்து, "தாத்தா, வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். ஆசிரியர் விடை கூறவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, சூடு தணிந்த பின்னர், முதற்கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தனர்.

அவருடைய அச்சம் மறுநாள் சினமாக மாறியது. அதற்குக் காரணமும் இருந்தது. கடந்த ஒன்றரை ஆண்டிற்குள் முன்சக்கரங்களின் பிரேக் பேட்டுகள் இருமுறை மாற்றப்பட்டிருந்தன. பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டிய பொருள் சில ஆயிரத்திலேயே தீர்ந்துபோயிற்று. அதுவும் இடப்பக்கத்தில் மட்டும். இருமுறையும் ஒரே பட்டறையில், ஓர் இளைஞரே மாற்றித் தந்தார். ஆசிரியர் நேரே அங்குச் சென்று, நால்வர் முன்னிலையில், "போலிப் பொருளைப் பூட்டி என் குடும்பத்தையே மலையில் உருட்டிவிடப் பார்த்தீரே!" என்று உரத்துப் பேசினார். அவ்விளைஞர் தலை குனிந்து நின்றார். தாம் வாங்கிப் பூட்டியது நல்ல பொருள்தான் என்று அவர் மெல்லச் சொன்னதை ஆசிரியர் காதில் வாங்கவில்லை.

பிறகு, தெரிந்தவர் ஒருவர் சொன்னதன் பேரில், வண்டியைச் சூரமங்கலத்திலிருந்த ஒரு சிறு பட்டறைக்கு மெல்ல ஓட்டிச் சென்றார். அதன் உரிமையாளர் எழுபதை நெருங்கிய மேஸ்திரி. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளைக் கொண்ட அம்பாசடர்களும் லாரிகளும் ஓடிய நாளில் தொழில் கற்றவர். அவரிடம் தொழிற்பயிற்சி நிலையத்து மாணவன் ஒருவன் விடுமுறையில் வேலை பழகிக்கொண்டிருந்தான்.

ஆசிரியர் கூறிய யாவற்றையும் மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார். பின்னர், "வாத்தியார் ஐயா, முன்பு கழற்றிய பழைய பேட்டுகள் எங்கே?" என்றார்.

"தேய்ந்து போனவை எதற்கு மேஸ்திரி? அங்கேயே குப்பையில் போட்டுவிட்டார்கள்."

"புதியது ஒன்றும் சொல்லாது ஐயா, பழையதுதான் சொல்லும். இருமுறை அது சொல்ல வந்தது. இருமுறையும் கேட்காமல் எறிந்துவிட்டோம். இப்போது வண்டியில் இருப்பதையாவது கேட்போம்."

அவர் சொன்னது விளங்குவதற்கு, அந்தப் பிரேக்கு இயங்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்பு வட்டு ஒன்று உண்டு, அதுவே டிஸ்க். அதன் உட்பக்கத்தில் ஒன்றும் வெளிப்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு பேட்டுகள் நிற்கும். இரும்புத் தகட்டின்மேல் உராய்வுப் பொருளை ஒட்டிச் செய்தவை அவை. இரண்டையும் தாங்கி, வட்டின் விளிம்பைக் கவ்வியவாறு நிற்கும் இரும்புக் கவ்வியைக் காலிப்பர் என்பர். காலிப்பரின் உட்பக்கத்தில் மட்டும் ஒரு பிஸ்டன் இருக்கும். மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயிலின் அழுத்தம் குழாய்வழியே வந்து பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டன் உட்புறப் பேட்டினை வட்டின்மேல் அழுத்தும். அப்படியாயின் வெளிப்புறப் பேட்டினை அழுத்துவது யார்? அங்கே பிஸ்டன் இல்லை. உட்புறப் பேட் வட்டில் முட்டி நின்றதும், எதிர்விசையால் காலிப்பர் முழுவதுமே உட்பக்கமாகச் சறுக்கி வந்து, வெளிப்புறப் பேட்டினையும் இழுத்து வட்டின்மேல் சேர்க்கிறது. பாக்குவெட்டியின் ஒரு கை அசைய மறுகை நிற்பதுபோலன்றி, இங்கே இரு பக்கமும் ஒரே பிஸ்டனால் நெருங்கிவிடுகின்றன.

இவ்வாறு சறுக்குவதற்காகக் காலிப்பரின் மேலும் கீழும் விரல் பருமனில் இரண்டு இரும்பு முளைகள் உள்ளன. தூசியும் நீரும் புகாதவாறு அவற்றை ரப்பர் உறைகள் மூடியிருக்கும். காலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தன் இயல்பான வடிவுக்குத் திரும்பும். அப்போது பிஸ்டனும் மயிரிழையளவு பின்வாங்கும். காலிப்பரும் முளைகளின்மேல் சற்றே தளரும். அந்த மயிரிழை இடைவெளியில்தான் சக்கரத்தின் விடுதலை இருக்கிறது. பின்னுக்கு இழுக்க வில் ஒன்றும் பெரிதாக இல்லை என்பதைக் கேட்டு வியந்தவர் பலர். ஆசிரியரும் அன்று வியந்தார்.

மேஸ்திரி உடனே ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. ஆசிரியரைப் பக்கத்தில் அமர்த்தி, சமதளமான சாலையில் மூன்று கிலோமீட்டர் வண்டியை ஓட்டினார். பிரேக்கினைத் தொடவே இல்லை. நிறுத்துமிடத்திலும் கியரைக் குறைத்து, தானே ஓய்ந்து நிற்கவிட்டார். இறங்கியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. மூன்று சக்கரங்கள் குளிர்ந்திருந்தன. முன்புறத்து இடச்சக்கரம் மட்டும் சுட்டது.

மாணவன் ஓர் ஐயம் எழுப்பினான். "இடப்பக்கத்துப் பேட் தேய்ந்திருக்கிறது என்றால், இடப்பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது, வலப்பக்கம் வேலை செய்யவில்லை என்றுகூடக் கொள்ளலாமே?"

"நல்ல கேள்வி தம்பி. ஒரு மாடு இழுக்காவிட்டால் மறுமாட்டின் கழுத்துத்தான் புண்ணாகும். அதனால்தான் பிரேக்கைத் தொடாமல் ஓட்டினேன். வலது சோம்பல் என்றால், பிரேக்கு போடாதபோது இடது சுடக் காரணம் இல்லை. இது பிடித்த பிடியை விடாத நோய்" என்றார் மேஸ்திரி.

இவ்வினாவைக் கேட்காமலே வலப்பக்கத்தைப் பிரித்துப் போடுபவர்கள் உண்டு. தேய்வு ஒரு பக்கத்தில் இருந்தாலும் குற்றம் அப்பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; இருக்கக் கூடாது என்பதும் இல்லை.

பிறகு ஜாக்கியால் முன்பக்கம் உயர்த்தப்பட்டது. மேஸ்திரி வலச்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். அது பல சுற்றுகள் சுற்றி ஓய்ந்தது. இடச்சக்கரம் அரைச் சுற்றோடு நின்றது. பிடி விடாமைக்குக் காரணங்கள் மூன்றாக இருக்கலாம் என்று அவர் மாணவனுக்கு விளக்கினார். காலிப்பருக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் முதுமையால் உட்புறம் உப்பி, உள்ளே சென்ற அழுத்தத்தைத் திரும்ப விடாமல் அடைத்துக்கொண்டிருக்கலாம். பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம். முளைகள் சறுக்காமல் சிக்கியிருக்கலாம். அவர் முதலில் ஐயுற்றது குழாயைத்தான். இருபது ஆண்டு ரப்பர் அன்றோ! "அநேகமாகக் குழாய்தான்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

அதனை அறியும் வழி எளியது. காலிப்பரின் மேற்புறத்தில் நிப்பிள் என்னும் சிறு திருகு ஒன்று உண்டு. உள்ளே அடைபட்ட அழுத்தம் இருந்தால், அதனைச் சற்றே தளர்த்தியதும் ஆயில் பீறிட்டு வெளியேறும்; சக்கரமும் உடனே விடுபடும். மேஸ்திரி மாணவனை மிதியை அழுத்திவிட்டுக் காலை எடுக்கச் செய்து, நிப்பிளைத் திறந்தார். இரண்டொரு துளி கசிந்தது; அவ்வளவே. சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். முன்போலவே அரைச் சுற்று.

"நான் சொன்னது தவறு, குழாய் அன்று" என்றார். அத்தகைய சொல்லை அத்தனை இயல்பாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குச் சென்ற மனிதரை ஆசிரியர் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

சக்கரம் கழற்றப்பட்டது. ஊதித் தூசி போக்க முயன்ற மாணவனைக் கையமர்த்தி, ஈரத்துணியால் துடைக்கச் செய்தார் மேஸ்திரி. பழைய நாளில் பேட்டுகளில் கல்நார் கலந்திருக்கும். அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும். இன்றைய தூசியும் மூச்சில் ஏற்கத் தக்கதன்று. பின்னர், பேட்டுகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்கட்டியால் 'இட உள்', 'இட வெளி' என்று எழுதி, மேல்விளிம்பு எதுவென்று ஓர் அம்பும் குறித்தார். வலப்பக்கத்திற்கும் அவ்வாறே செய்தார். "கலந்துவிட்டால் பிறகு எதுவும் சொல்லத் தெரியாது" என்றார்.

நான்கும் ஒரு பழைய செய்தித்தாளின்மேல் வரிசையாக வைக்கப்பட்டன. வலப்பக்கத்து இரண்டும் ஏறத்தாழ ஒன்றே போல 7 மில்லிமீட்டர் பருமனில் இருந்தன. இட வெளிப்பேட் 5 மில்லிமீட்டர். இட உட்பேட்டின் கீழ்விளிம்பு 4 மில்லிமீட்டர். மேல்விளிம்போ ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆப்பு வடிவில் அது சரிந்து தேய்ந்திருந்தது.

"ஐயா, இதனைப் பாருங்கள்" என்று மேஸ்திரி அதனை ஆசிரியர் கையில் கொடுத்தார். "பிஸ்டன் நடுவில் நின்று நேராகத் தள்ளுவது. அது மட்டும் இறுகியிருந்தால் பேட் தேயும். ஆனால் இப்படிச் சாய்ந்து தேய வேண்டியதில்லை. சாய்ந்து தேய்ந்திருப்பதால், பிடிக்கிற காலிப்பரே கோணலாக நிற்கிறது என்று தெரிகிறது. அது கோணலாவது எப்போது? இரண்டு முளைகளில் ஒன்று நகர, மற்றொன்று நகராதபோது."

பிஸ்டனையும் அவர் சோதிக்காமல் விடவில்லை. இடுக்கித் திருகினை வைத்து மெல்ல அழுத்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அது உள்ளே சென்றது. அதன் தூசியுறையும் கிழியாமல் இருந்தது. கீழ் முளையை விரலால் இழுத்தார், வந்தது. மேல் முளையை இழுத்தார், வரவில்லை. முறுக்கினார், வரவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சுத்தியால் மெல்லத் தட்டி, இடுக்கியால் பிடித்துத் திருகித் திருகி அதனை வெளியே கொணர அரைமணி நேரம் ஆயிற்று. முளையின் நுனியில் இருந்த ரப்பர் வளையம் நீரில் ஊறிய சுண்டல் கடலைபோல உப்பி, துளை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் கறுத்த மஞ்சள் நிறத்தில் கிரீசு அப்பியிருந்தது.

மேஸ்திரி அதனை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார். "இது சக்கரப் பேரிங்கிற்கு வைக்கிற கிரீசு. பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. இவ்வகை ரப்பருக்கு ஆகாது. ரப்பர் அதனைக் குடித்து உப்பிவிடும். முளைகளுக்கென்று சிலிக்கோன் கிரீசு தனியே விற்கிறது. இதனை இங்கே வைத்தவர் யார்?"

பட்டறையில் சிறிது நேரம் ஓசையில்லை. "அந்தப் பட்டறை இளைஞர்" என்று ஆசிரியர் சொல்லியிருந்தால், எவரும் ஐயுற்றிருக்க மாட்டார்கள். மேஸ்திரிகூட அவ்விடையைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு முற்றத்தில் பழைய பாய் விரித்து அமர்ந்து, சக்கரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது, "முளைகள் உலர்ந்து கிடக்கின்றனவே, பாவம்" என்று டப்பாவிலிருந்த கிரீசைத் தாராளமாக அப்பிய கை எதுவென்று ஆசிரியர் அறிவார். இடச்சக்கரத்தை முடித்தபோது மாலையாகிவிட்டது. வலச்சக்கரத்தை மற்றொரு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அந்த மற்றொரு நாள் வரவே இல்லை. வலப்பக்கம் பிழைத்ததற்குக் காரணம் அதுவே.

"நான்தான் வைத்தேன், மேஸ்திரி" என்றார் அவர்.

மேஸ்திரி தலையை அசைத்தார். கடிந்துரைக்கவும் இல்லை, ஆறுதல் கூறவும் இல்லை. "தெரியாமல் செய்ததுதானே ஐயா. ஆனால் இருமுறை பேட் மாற்றியவர் முளையை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் உண்மை" என்று மட்டும் சொல்லி, உப்பிய வளையத்தை மாணவனிடம் கொடுத்தார்.

ஆசிரியர் தம் வண்டியை அன்பாகக் காத்தார் என்பதில் ஐயமில்லை. அந்த அன்பே அவரைத் தடுமாறச் செய்தது. எதனைச் செய்யத் தெரியாதோ அதனை வேறொருவரிடம் கேட்க வேண்டும் என்னும் எண்ணம், பொருளின்மேல் மிகுந்த உரிமை கொண்டவர்களுக்குச் சில வேளை வருவதில்லை. அயலார் வண்டியாக இருந்திருந்தால் அவர் கேட்டிருப்பார்.

மலையில் மிதி ஆழ்ந்து போனதன் காரணமும் அன்று தெளிவாயிற்று. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதித்த அளவு 140 பாகைதான். ஆசிரியரின் வண்டியில் ஆயில் மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கலத்தில் அது கருங்காப்பி நிறத்தில் கிடந்தது. இடச்சக்கரம் ஓயாமல் உரசிச் சூடேற, அங்கிருந்த ஆயில் கொதித்து ஆவியாயிற்று. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியோ சுருங்கும். காலின் அழுத்தம் முழுவதும் அவ்வாவியைச் சுருக்குவதிலேயே செலவாயிற்று. கைப்பிரேக்கு கம்பியால் இழுத்துப் பின்சக்கரங்களைப் பிடிப்பதாகலின், அதனை ஆயில் கொதித்தது பாதிக்கவில்லை. அன்று மூன்று உயிர்களைக் காத்தவை அக்கம்பியும் முதற்கியருமே.

மலையிறக்கம் மனிதனைப் பிரேக்கு பற்றிச் சிந்திக்க வைத்தது புதிதன்று. இங்கிலாந்தில் மலைப்பாங்கான டெர்பிசயரில் குதிரை வண்டிகள் இறங்கப் படும் பாட்டைக் கண்ட எர்பர்ட் புரூட் என்பவர், 1897-ஆம் ஆண்டில் நல்ல பிரேக்குக் கட்டைகள் செய்யும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1902-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்து பிரெடரிக் லான்செசுடர் வட்டுப் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். ஆயின் அவர் பயன்படுத்திய செம்புப் பட்டைகள், தூசி நிறைந்த அக்காலச் சாலைகளில் விரைந்து தேய்ந்துபோயின. 1953-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் வட்டுப் பிரேக்கு பூண்ட ஜாகுவார் வண்டி வென்ற பிறகே உலகம் அதன் ஆற்றலை நன்கு உணர்ந்தது. தேய்வு என்னும் சிக்கல் மட்டும் அன்று தொட்டு இன்று வரை கூடவே வருகிறது. உராய்ந்து நிறுத்தும் பொருள் தேயாமல் இருக்க வழியில்லை.

செப்பம் செய்யும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. இரு பக்கத்து முளைகளும் ரப்பர்களும் புதியனவாக மாற்றப்பட்டன. சிலிக்கோன் கிரீசு மெல்லிய படலமாகப் பூசப்பட்டது. பேட்டுகள் நான்கையும் ஒருசேர மாற்றினார் மேஸ்திரி. ஒரு பக்கம் மட்டும் புதியதாக இருந்தால் இரு பக்கத்துப் பிடியும் ஒத்திராது என்பது அவர் கூறிய காரணம். வரி விழுந்திருந்த இடப்பக்கத்து வட்டினை அளந்து பார்த்தார். அதன்மேல் பொறித்திருந்த குறைந்த அளவினும் அது மெலிந்திருந்தது. எனவே வட்டுகளும் இணையாக மாறின. ஆயில் முழுவதும் புதிதாயிற்று. குற்றமற்றதென விடுபட்ட ரப்பர்க் குழாயையும் கடைசியில் மாற்றவே செய்தார். "இது இந்த நோய்க்காக அன்று, வயதுக்காக" என்றார். தேய்ந்த பேட்டுகள் நான்கையும் சாக்கட்டி எழுத்து அழியாதவாறு செய்தித்தாளில் சுற்றி ஆசிரியரிடமே கொடுத்தார்.

அப்பொட்டலத்தோடு ஆசிரியர் முதலில் வீட்டிற்குச் செல்லவில்லை. முந்தைய பட்டறைக்குச் சென்றார். அவரைக் கண்டதும் இளைஞரின் முகம் வாடிற்று. அன்றும் அங்கே சிலர் நின்றிருந்தனர். தனியே அழைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் எண்ணினார் ஆசிரியர். நால்வர் முன்னிலையில் பேசியது நினைவுக்கு வந்தது. அங்கேயே நின்று, "தம்பி, உன் பொருளில் குறையில்லை. முளையில் தகாத கிரீசை வைத்துக் கெடுத்தவன் நான். அன்று உன்னைப் பேசியது தவறு" என்றார்.

இளைஞர் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, இட உட்பேட்டினைக் கையில் எடுத்தார். சரிந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "சென்ற முறை கழற்றியபோதும் இப்படித்தான் இருந்தது, சார். பார்த்தேன். ஏன் என்று நினைக்கவில்லை" என்றார். அதனைத் தாமே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். ஆசிரியர் அதனை அவரிடமே விட்டுவந்தார்.

அடுத்த சில நாட்கள், மேஸ்திரி சொன்னபடி, புதிய பேட்டுகள் வட்டோடு பொருந்துவதற்காகச் சமதளச் சாலையில் மெல்ல ஓட்டி, மெல்ல நிறுத்தி, இடையிடையே ஆறவிட்டுப் பழக்கினார். வெள்ளிக்கிழமை வந்தது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்னும் மலையோட்டிகளின் பழைய முறையை அவர் அன்று ஓரிடத்திலும் தவறவிடவில்லை. இருபது வளைவுகளும் கடந்தன. மகள் ஒன்றும் பேசாமல் சாலையையே பார்த்திருந்தார். மிதி ஒருமுறையும் ஆழவில்லை.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஆசிரியர் இறங்கினார். முன்புறத்து இடச்சக்கரத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோனார்; இளஞ்சூடு. சுற்றிச் சென்று வலச்சக்கரத்தின் அருகே கொண்டுபோனார், அதே சூடு. மீண்டும் இடப்பக்கம் வந்து ஒருமுறை பார்த்தார். அதற்குள் பேத்தியும் இறங்கிவந்து, அவரைப் போலவே கையைத் திருப்பிச் சக்கரத்தை நோக்கி நீட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பற்றி, தொடாத தொலைவிலேயே நிறுத்திக்கொண்டார்.

"காய்ச்சல் இல்லை தாத்தா" என்றாள் அவள்.

"அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொல், கண்ணே" என்றார் அவர்.